வேலை கிடைத்ததைக் கொண்டாட ஒரு பானை ஆஷ்

தம்பி, முதலில் வாழ்த்து. பகலில் விண்ணப்பம், இரவில் கிடங்கு வேலை என்று ஓடிக்கொண்டிருந்த உங்களுக்குப் படித்த துறையிலேயே நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. டொராண்டோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

நீங்கள் கேட்டது இது: "மதுரையில் என்றால் அம்மா ஸ்வீட் வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்திருப்பார். இங்கே நண்பர்கள் எல்லாரும் ஷிப்டில் இருக்கிறார்கள். யாரோடு கொண்டாடுவது? பக்கத்து வீட்டு ஈரானியப் பாட்டி ஒருநாள் ஆஷ் என்று ஒரு கிண்ணம் கெட்டியான கீரை சூப் கொடுத்தார். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அதையே நான் சமைத்துக் கொடுத்தால் அதிகப்பிரசங்கித்தனமாக இருக்குமா? நான் சைவம். அவர் கிண்ணமும் இன்னும் என்னிடமே இருக்கிறது."

அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. சொல்லப்போனால், புது வேலையில் சேருவதற்கு ஆஷ் ரெஷ்தேயை விடப் பொருத்தமான சாப்பாடு கிடையாது. ரெஷ்தே என்பது அதில் போடும் தட்டையான கோதுமை நூடுல்ஸ். சிக்கிக் கிடக்கும் நூல் பிரிவது மாதிரி வாழ்க்கையில் வழி பிரியட்டும் என்று, புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது ஈரானியர் இதைச் சமைப்பார்கள். மார்ச் 20 வாக்கில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டுக்கும் இது உண்டு. அதன் பதின்மூன்றாம் நாள் வீட்டில் இருக்கக் கூடாது என்று எல்லாரும் பூங்காவுக்குக் கிளம்புவார்கள், அங்கேயும் பானை பானையாக ஆஷ் போகும். டொராண்டோவில் ஏப்ரல் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று அடுத்த வருஷம் நீங்களே பார்ப்பீர்கள். குளிர்கால ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியுமாகப் புல்தரையில் உட்கார்ந்து ஆவி பறக்கக் குடிப்பார்கள்.

வீட்டிலிருந்து யாராவது தூரப் பயணம் போனால், பொதுவாக மூன்றாம் நாள், போனவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று ஒரு ஆஷ் வைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். ஆள் ஊருக்குக் கிளம்பியதும் வீடு பெருக்கக் கூடாது என்பார்களே நம் வீட்டில், அந்த மனசுதான் இதுவும். குழந்தைக்கு முதல் பல் முளைத்தால் அதற்கும் தானியம், பயறெல்லாம் போட்டுத் தனியாக ஒரு ஆஷ் உண்டு. யாழ்ப்பாணத்து நண்பர்கள் யாராவது இருந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே பல்லுக்கொழுக்கட்டைக் கதைக்குப் போய்விடுவார்கள். நேர்ந்துகொண்டு சமைத்துப் பங்கிடுவதும் உண்டு. உங்களுக்கு வந்த கிண்ணம் அப்படி ஒரு வேண்டுதலாகக்கூட இருந்திருக்கலாம்.

இத்தனையிலும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். யாரும் இதை இரண்டு பேருக்கு அளந்து சமைப்பதில்லை. பானை பெரிதாக இருக்கும், பாதிக்கு மேல் வாசல் தாண்டிப் போய்விடும். யாரோடு கொண்டாடுவது என்ற உங்கள் கேள்விக்கு என் பதிலும் அதுதான். எல்லாருக்கும் லீவு ஒத்துவரும் ஒரு நாளுக்காகக் காத்திருந்தால் அது கோடையில்தான் வரும். விருந்துக்கு ஆள் சேர்க்காதீர்கள். பானையை வைத்துக் கிண்ணங்களைக் கதவு கதவாகக் கொண்டுபோங்கள்.

பாட்டி கிண்ணத்தை முதலில் பார்ப்போம். அதை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது நம் வழக்கம், அவர்கள் வழக்கமும் அதுவே. ஆனால் அதில் ஆஷே ஊற்றிக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். சமையலில் கை தேர்ந்த பெரியவருக்கு அவர் பண்டத்தையே முதல் தடவை சமைத்துக் கொடுப்பது கொஞ்சம் துணிச்சல்தான். ரவா லட்டோ முறுக்கோ, நம் பண்டம் ஏதாவது போட்டு இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அப்படியே, "புது வேலை கிடைத்திருக்கிறது, ஆஷ் செய்யலாம் என்று ஆசை, எப்படிச் செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவருக்கு ஆங்கிலம் வராவிட்டால் பேரப்பிள்ளை யாராவது மொழிபெயர்ப்பார்கள். பத்து நிமிஷத்தில் உங்கள் அடுப்படியில் வந்து நின்றாலும் ஆச்சரியமில்லை. உள்ளே வந்து டீ குடி என்று கட்டாயம் சொல்வார். முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

பேச்சில் ஒன்று மட்டும் கவனம். 1979 புரட்சிக்குப் பிறகும், 1980 முதல் 1988 வரை நடந்த ஈராக் போரின்போதும் வந்தவர்கள் இங்கே நிறைய. 1983க்குப் பிறகு ஈழத்தமிழர்கள் ஸ்கார்பரோவில் வந்து இறங்கியதும் கிட்டத்தட்ட அதே காலம்தான். ஏன் வந்தீர்கள், யாரை விட்டு வந்தீர்கள் என்று நாமாகக் கேட்க வேண்டாம். சொல்லத் தோன்றினால் சொல்வார்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். யங் தெருவில் ஃபின்ச் சப்வே நிலையத்தில் இறங்கி ஸ்டீல்ஸ் தெருப் பக்கம் வடக்கே நடந்தால் வழியெல்லாம் ஈரானியக் கடைகள். நீங்கள் நார்த் யார்க்கிலேயே இருப்பதால் பஸ் மாறக்கூட வேண்டியிருக்காது. ரெஷ்தே ஒரு பாக்கெட், தயிரிலிருந்து எடுக்கும் புளிப்பான கஷ்க் ஒரு பாட்டில், காய்ந்த புதினா ஒரு பாக்கெட், இந்த மூன்றையும் அங்கேதான் வாங்க வேண்டும். மற்றதெல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆஷுக்கென்றே நறுக்கி உறைய வைத்த கீரையும் அங்கே விற்கிறார்கள். அவசரத்துக்கு அது போதும், ஆனால் இந்தத் தடவை பச்சைக் கீரையே வாங்குங்கள்.

பன்னிரண்டு கிண்ணத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். வெள்ளைக் கொண்டைக்கடலை ஒரு கப், வெள்ளை பீன்ஸ் ஒரு கப், இரண்டையும் முந்தின இரவே ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேக வையுங்கள். நம் குக்கரில் வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. பீன்ஸுக்குப் பதில் ராஜ்மா போடுவதானால் மட்டும், புதிதாக வாங்கிய ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போட்டுவிடாதீர்கள். அந்த மிதமான சூட்டில் ராஜ்மாவில் இருக்கும் நச்சுப்பொருள் போகாது, வயிற்றைப் புரட்டிவிடும். நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷமாவது துள்ள வேண்டும். அப்புறம் தோலோடு இருக்கும் முழு மைசூர்ப் பருப்பு முக்கால் கப். நம் துவரம்பருப்பு இதற்கு ஆகாது, கரைந்து சாம்பார் ஆகிவிடும்.

கீரைதான் இதில் பெரிய வேலை. பாலக் அரைக் கிலோ, பார்ஸ்லி இரண்டு கட்டு, கொத்தமல்லி இரண்டு கட்டு, வெங்காயத்தாள் இரண்டு கட்டு. ஈரானியக் கடையில் தரே என்று மெல்லிசாகப் புல் மாதிரி ஒன்று கட்டுக்கட்டாக இருக்கும். அது கிடைத்தால் வெங்காயத்தாள் வேண்டாம். மேடை முழுக்கப் பச்சை மலையாகக் குவியும், இவ்வளவா என்று பயம் வரும், கொதித்ததும் கால்வாசியாகச் சுருங்கிவிடும். மண் போகத் திரும்பத் திரும்ப அலசுங்கள். கத்தியால் நறுக்குங்கள், மிக்ஸியைத் தொடாதீர்கள். மிக்ஸியில் அடித்தால் எல்லாம் ஒரே பசையாகிப் பாலக் பனீர் நிறத்துக்கு வந்துவிடும்.

இனி வெங்காயம். பெரிதாக ஐந்து, மெல்லிசாக அரிந்து, எண்ணெய் தாராளமாக விட்டு, மிதமான தீயில் பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகும்வரை வதக்க வேண்டும். அரை மணி நேரமாவது ஆகும். உங்கள் அபார்ட்மென்டில் அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேன் பேருக்குத்தான் இருக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மோக் அலாரம் கத்தினால் கிண்ணம் வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிடுவார்கள். வதங்கியதில் பாதியை மேலே தூவ எடுத்து வைத்துவிட்டு, மீதியில் மஞ்சள் தூள் ஒன்றரை டீஸ்பூன், மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன் போட்டுப் புரட்டிப் பெரிய பானைக்கு மாற்றுங்கள். அதில் மூன்று லிட்டர் தண்ணீர், பருப்பு, கீரை எல்லாம் போட்டு, சிறு தீயில் ஒரு மணி நேரம் விடுங்கள். கொண்டைக்கடலையும் பீன்ஸும் வெந்ததையும் அப்போதே சேர்த்துவிடலாம்.

அடுத்து ரெஷ்தே, சுமார் முந்நூறு கிராம். அதில் ஏற்கெனவே உப்பு நிறைய இருக்கும், ஆகவே அதுவரை பானையில் உப்பே போடாதீர்கள். போட்ட பிறகு இருபது, இருபத்தைந்து நிமிஷம் அடிக்கடி கிளறுங்கள், இல்லாவிட்டால் அடி பிடிக்கும். நூடுல்ஸின் மாவு இறங்கி எல்லாம் ஒன்றுசேர்ந்து கூழ்ப் பதத்துக்கு வரும். கரண்டியில் எடுத்தால் தண்ணீர் தனியாக வழியாமல் பருப்பும் கீரையும் சேர்ந்தே விழ வேண்டும். அதுதான் பக்குவம், அப்போது ருசி பார்த்து உப்புப் போடுங்கள். ஆற ஆற இறுகும் என்பதால் கொஞ்சம் இளக்கமாக இறக்குவது நல்லது.

மிளகாய்த்தூள், சீரகம், கறிவேப்பிலை எதுவும் வேண்டாம். கை பரபரக்கும், எனக்குத் தெரியும். உங்களுக்கு உறைப்பு வேண்டுமானால் உங்கள் கிண்ணத்தோடு ஊறுகாய் வைத்துக்கொள்ளுங்கள், பானையை விட்டுவிடுங்கள்.

ருசி முழுவதும் கஷ்கில் இருக்கிறது. தயிர், மோரிலிருந்து எடுப்பது. புளிப்பும் உப்பும் பழுத்த வாசனையுமாக இருக்கும், முதல் முறை மூடியைத் திறந்து மோந்தால் முகம் சுளிக்கும். ஆஷில் கலந்ததும் அதே வாசனைதான் உங்களைத் திரும்பத் திரும்பக் கரண்டி போட வைக்கும். உங்கள் நாக்கில் தங்கியிருப்பது இதுதான் என்று பந்தயம் கட்டுவேன். பாட்டிலில் வருவதாக இருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தனியே நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே சேருங்கள். வீட்டில் செய்யும் கஷ்கில் கிருமி நஞ்சு இருக்க வாய்ப்பு உண்டென்று ஈரானிலேயே கொதிக்க வைக்கத்தான் சொல்வார்கள். ஒரு கப்பைப் பானையில் கலந்து, அரை கப்பை மேலே ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். பால் சேர்க்காதவர்கள் யாருக்காவது கொடுப்பதானால் அவர்கள் பங்கைக் கஷ்க் சேர்க்கும் முன்பே எடுத்துவிட்டுச் சில சொட்டு வினிகர் விட்டுக் கொடுங்கள், அதுவும் வழக்கத்தில் உள்ளதே. சாவர் கிரீம் போட்டால் போதும் என்று சிலர் எழுதுவார்கள். போடலாம், ஆனால் அது வேறு சூப்.

சைவம் பற்றிக் கவலை வேண்டாம். இறைச்சி போடுகிற வீடுகளும் உண்டு, ஆனால் ஆஷ் ரெஷ்தே பெரும்பாலும் இறைச்சி இல்லாமலேயே செய்யப்படுவது.

கடைசியாகப் புதினா. மூன்று டேபிள்ஸ்பூன் காய்ந்த புதினாவை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பொடியாக்குங்கள். சின்னத் தாளிப்புக் கரண்டியில் எண்ணெயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, கரண்டியைக் கீழே இறக்கிய பிறகே புதினாவைக் கொட்ட வேண்டும். ஒரு நொடி சீறும், எண்ணெய் கரும்பச்சையாக மாறும், வாசனை கிளம்பும், அவ்வளவுதான். தீயிலேயே வைத்தால் அடுத்த நொடியில் கருகிக் கசந்துவிடும். பூண்டும் ஒரு முழுப் பூண்டு அரிந்து தனியாகப் பொன்னிறமாக வறுத்துக்கொள்ளுங்கள்.

கிண்ணத்தில் ஊற்றியதும் மேலே வெள்ளையாகக் கஷ்க், பழுப்பாக வெங்காயம், பூண்டு, நடுவே புதினா எண்ணெய் என்று கோலம் போடுவார்கள். இதில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், பாட்டி முதலில் பார்ப்பது இதைத்தான்.

பிளாஸ்டிக் டப்பாவில் கொடுக்கலாமா என்று உங்களுக்குத் தோன்றும். நான் வேண்டாம் என்பேன். டப்பா குப்பைக்குப் போய்விடும். எவர்சில்வர் கிண்ணமோ பீங்கான் கிண்ணமோ என்றால் அதைத் திருப்பிக் கொடுக்க யாராவது உங்கள் கதவைத் தட்டியே ஆக வேண்டும். என் மாடியில் எனக்குத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் அப்படிக் கிண்ணத்தோடு வந்து நின்றவர்கள்தான். கொடுக்கும்போது கோதுமையும் பாலும் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள், அலர்ஜி இருப்பவர்கள் இங்கே அதிகம். எதற்காக என்று கேட்டால் கூச்சப்படாமல் வேலை கிடைத்ததைச் சொல்லுங்கள்.

மிஞ்சினால் ஃபிரிட்ஜில் மூன்று நாள் நன்றாக இருக்கும், சூடாக்கும்போது வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளுங்கள். திங்கள் மதியம் ஆபீசுக்கும் ஒரு டப்பா எடுத்துப் போகலாம், பூண்டை மட்டும் அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

திங்கட்கிழமை சேருகிறீர்கள் என்றால் ஞாயிறு காலை பத்து மணிக்கு அடுப்பை மூட்டுங்கள், மூன்று மணிக்குள் கிண்ணங்கள் தயாராகிவிடும். சனி இரவு படுக்கப் போகும் முன் கொண்டைக்கடலையை ஊறப் போட மறந்துவிடாதீர்கள்.