ஆழத்துப் பாறைச் சூட்டில் மின்சாரம்: கேள்வி பதில்

ஆழத்துப் பாறையின் விரிசல்களைத் திறந்து, அவற்றில் தண்ணீரை ஓட விட்டு வெப்பம் எடுப்பது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

செந்தில், அம்பத்தூர்: சார், பூமிக்கு அடியில் சூடு இருக்கிறது, சரி. விரிசல் எதற்கு?

சூடு இருந்தால் மட்டும் போதாது, செந்தில். அதை மேலே கொண்டுவரத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் ஓட வழி வேண்டும். பல்லாவரம் பக்கம் பாறையில் போர் போட்டவர்களைக் கேளுங்கள்: விரிசல் தட்டினால் தண்ணீர், இல்லாவிட்டால் வெறும் தூசி. நாலைந்து கிலோமீட்டர் ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் பாரம் விரிசல்களை இறுக்கி மூடியிருக்கும். அதனால் ஒரு கிணறு வழியாக உயர் அழுத்தத்தில் தண்ணீரை இறக்குகிறார்கள். விரிசலின் இரு முகங்களும் கொஞ்சம் விலகிச் சறுக்கும். சொரசொரப்பான முகங்கள், அதனால் அழுத்தம் குறைந்த பிறகும் பழையபடி பொருந்தாது. மெல்லிய இடைவெளி நின்றுவிடும். அதில் ஓடிச் சூடேறிய தண்ணீர் இரண்டாவது கிணறு வழியாக மேலே வரும். அமெரிக்காவில் நெவாடாவில் 2023-இல் இப்படிச் சோதித்த கிணறுகளில் 3.5 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் அளவுக்குச் சூடு கிடைத்தது.

எல்லாத் தண்ணீரும் ஒரே விரிசலில் ஓடினால் அந்த இடம் சீக்கிரம் ஆறிவிடும். பல விரிசல்களில் பரவலாக ஓட வைப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி என்பேன்.

கவிதா, தாம்பரம்: இதனால் நிலநடுக்கம் வருமா, ஐயா?

வரும் அம்மா, வந்தும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 2006 டிசம்பரில் 3.4 அளவில் நிலம் அதிர்ந்தது; பிறகு அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். தென்கொரியாவின் போஹாங்கில் 2017 நவம்பரில் வந்தது 5.5. கட்டடங்கள் சேதமாயின, பலர் காயப்பட்டார்கள். தண்ணீர் செலுத்தியதுதான் அதைத் தூண்டியது என்று அரசு அமைத்த ஆய்வுக்குழு 2019-இல் சொன்னது. ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் பிளவுக்குள் அழுத்தம் புகுந்தால் அதைப் பிடித்து வைத்திருக்கும் உராய்வு குறைந்துவிடும். ஊருக்கு நடுவே இந்த வேலை கூடவே கூடாது. சிறு அதிர்வுகளை அளந்துகொண்டே இருக்க வேண்டும், அளவு கூடினால் பம்பை நிறுத்த வேண்டும்.

ரஹீம், திருவொற்றியூர்: சென்னைக்கு அடியில் செய்யலாமா?

வேண்டாம் தம்பி. உலகில் சராசரியாக ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி வரை கூடும். பல்லாவரம் பக்கம் இருக்கும் சார்னோகைட் என்ற கடினப் பாறை போன்ற மிகப் பழைய பாறைப் பகுதிகளில் அதைவிடக் குறைவு. செலுத்தும் தண்ணீரில் ஒரு பங்கு பாறைக்குள்ளேயே போய்விடும். அதை ஈடுகட்டுவது கோடையில் நமக்குக் கட்டுப்படியாகாது. லடாக்கின் புகாவில் வெந்நீர் தானாகவே ஊற்றெடுக்கிறது. இந்தியா முதலில் அதைப் பயன்படுத்தட்டும்.

மாணவி, கிண்டி: இந்தத் துறைக்கு வர என்ன படிக்கலாம்?

நிலவியலோடு பாறை இயக்கவியலும் படியுங்கள். முடிந்தால் காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே பழகும் கை வேலை இங்கேயும் அப்படியே உதவும்.