வாசகர் கேள்வி – பதில்: கட்டம் கட்டமாகப் பறவைகள்

கேள்வி: கேரள மாநிலம் முழுவதற்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து, எந்தப் பறவை எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடத் தொகுப்பான பறவை அட்லஸ் ஒன்றை உருவாக்கியிருப்பதாகப் படித்தேன். பறவைக் கையேடுகள் எல்லாவற்றிலும் பரவல் படங்கள் ஏற்கெனவே இருக்கும்போது இவ்வளவு பேரின் உழைப்பு எதற்காகத் தேவைப்பட்டது?

பதில்: கையேட்டுப் படத்தில் ஒரு பறவைக்குரிய நிலப்பரப்பு முழுவதையும் ஒரே வண்ணத்தால் நிரப்பியிருப்பார்கள். அந்த வண்ணத்துக்குள் அடங்கிய ஒரு மாவட்டத்தில் அப்பறவை எங்கே மிகுதி, எங்கே அரிது, மழைக்காலத்திலும் அங்கே தங்குகிறதா என்று கேட்டால் படம் பதில் சொல்லாது. 2015 முதல் 2020 வரை நடைபெற்ற கேரளப் பறவை அட்லஸ் பணியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் ஏறத்தாழ 4,000 சிறு கட்டங்களுக்குச் சென்று, வறண்ட பருவத்திலும் மழைப் பருவத்திலுமாகச் கண்ட பறவைகளைக் குறித்துச் சுமார் 25,000 பட்டியல்களை எழுதினார்கள். அவற்றில் திரண்ட பதிவுகள் மூன்று லட்சம். பறவை இனங்கள் 361. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகள் மலைப்பகுதிகளில் செறிந்திருப்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் அழிவின் விளிம்பை நோக்கிச் செல்லும் இனங்கள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியே பதிவாயின என்பது, பாதுகாப்பு என்றதும் காட்டை மட்டுமே நினைக்கும் நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது.

கேள்வி: பறவைகள் எங்கே இருக்கின்றன என்பது ஆர்வலர்களுக்குத் தெரியாதா? நேரே அங்கே போவதை விட்டுவிட்டு எதற்காகக் கட்டம் போட வேண்டும்?

பதில்: தெரியும் என்பதுதான் சிக்கலே. எல்லாரும் சரணாலயத்துக்கும் ஏரிக்கும் போனால், வரைபடத்தில் தெரிவது பறவைகளின் பரவலாக இல்லாமல் பறவை பார்ப்பவர்களின் பரவலாகிவிடும். கேரளத்தில் மாநிலத்தை ஏறத்தாழ 6.6 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நான்காகப் பகுத்து, அந்தக் கால் பகுதி ஒவ்வொன்றிலும் 1.1 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு சிறு கட்டத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கலில் ரப்பர் தோட்டம் விழுந்தால் ரப்பர் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

அப்படி விழுந்த ஒரு கட்டத்துக்கு ஆகஸ்ட் மாதக் காலை ஒன்றில் நண்பர்களுடன் நானும் போயிருந்தேன். மரம்தோறும் பால் வெட்டிய வடுவுக்கு மேலே மழைக்காப்பாகக் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்களில் தூறல் படபடவென்று விழுந்து, மற்ற ஒலிகளை எல்லாம் மூடியது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பட்டியல் என்ற கணக்கில் நடந்தோம். முதல் பட்டியலில் ஒரு செம்போத்தும் துடுப்புவால் கரிச்சானும் மட்டுமே எழுத முடிந்தது. தூறல் நின்ற இரண்டு நிமிடத்தில் எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டும் சத்தம் கேட்டது. எந்த மரங்கொத்தி என்று உறுதிப்படாததால் அதை எழுதவில்லை. திரும்பும் வழியில் எங்களில் இளையவர், இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டார். இதற்காகத்தான் வந்தோம். ஒரே மரத்தை வரிசையாக நட்ட நிலத்தில் எத்தனை பறவைகள் பிழைக்கின்றன என்பதை, அங்கே நின்று எண்ணிய ஒருவர்தான் சொல்ல முடியும்.

கேள்வி: வரைபடத்தில் வெறுமையாக இருக்கும் கட்டத்தில் அந்தப் பறவை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. யாரும் போகாத கட்டமும், போய்த் தேடியும் பறவை கிடைக்காத கட்டமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டாத வரைபடத்தை நான் நம்பமாட்டேன். பருவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூவுவதால் பெயர் பெற்ற ஆறுமணிக்குருவி, வடக்கிலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில்தான் கேரளத்துக்கு வருகிறது. ஜூலையில் மட்டும் கணக்கெடுத்தால் அது கேரளத்துப் பறவையே இல்லை என்று ஆகிவிடும்.

பணி எவ்வளவு முன்னேறியது என்பதை நிரம்பிய கட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் சொல்வதும் அரைகுறைக் கணக்குதான். 2007ஆம் ஆண்டு தொடங்கிய தென்னாப்பிரிக்கப் பகுதியின் இரண்டாம் பறவை அட்லஸில் அகலாங்கு, நெட்டாங்கு அளவில் ஐந்து நிமிடம் (அதாவது ஒரு பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு) பக்கமுள்ள கட்டத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் முனைந்து தேடினால்தான் முழுப் பட்டியலாக ஏற்பார்கள். அதே கட்டத்துக்குப் பலர் பலமுறை போவார்கள். ஒரு கட்டத்திலிருந்து வந்த பத்துப் பட்டியல்களில் ஏழில் ஒரு பறவை இருந்தால் அதன் பதிவு விகிதம் 70 சதவீதம். ஒரே ஒரு பட்டியல் வந்த கட்டத்தில் இப்படி எதுவும் சொல்ல முடியாது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1968–72இல் நடந்த முதல் கணக்கெடுப்பை 1988–91இலும் 2007–11இலும் திரும்பச் செய்ததால்தான் எந்தப் பறவை எந்தக் கட்டங்களை இழந்தது என்று அவர்களால் காட்ட முடிகிறது. கேரளத்தின் பணிக்கும் முழுப் பயன் அதன் இரண்டாம் சுற்றில்தான் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: இதில் சேர விலை உயர்ந்த கேமரா வேண்டுமா?

பதில்: வேண்டாம். இருநோக்கியும் குறிப்பேடும் போதும். இலை அடர்ந்த இடங்களில் கண்ணைவிடக் காதுதான் அதிகம் உதவும்.

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள் ஞாயிறுதோறும் ஒரே ஏரிக்குப் போய்ப் பறவை பார்க்கிறோம். இது வரைபடப் பணிக்குப் பயன்படுமா?

பதில்: நிச்சயம் பயன்படும். ஒரே இடத்தில் வாரம் தவறாமல் எழுதிய பட்டியல், வலசைப் பறவைகள் வந்த நாளையும் போன நாளையும் காட்டிவிடும். ஆகவே அந்த ஏரியை விட்டுவிட வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறை மட்டும், இதுவரை பட்டியலே இல்லாத ஒரு கட்டத்துக்கு ஒதுக்குங்கள். தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் குறியுங்கள். அடையாளம் தெரிந்த எந்தப் பறவையையும், அது காகமே ஆனாலும், விடாமல் எழுதுங்கள். ஐயம் உள்ளதை எழுதாதீர்கள். ஒரு மணி நேரம் நடந்தும் காகம், மைனா, தவிட்டுக்குருவி என்று மூன்றே கிடைத்தால், அந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.