வீட்டை விற்ற பிறகும் கடன் துரத்துமா?

கேள்வி: 2022-இல் டெக்சஸ் மாநிலம் பிரிஸ்கோவில் வீடு வாங்கினோம். முன்பணம் 5 சதவீதம்தான் போட்டோம். இப்போது கணவருக்கு வேலை போய்விட்டது. என் சம்பளத்தில் சமாளிக்க முடியாமல் இரண்டு மாதத் தவணை நின்றுவிட்டது. கடன் பாக்கி 5,10,000 டாலர். வீடு 4,70,000-க்கு மேல் போகாது என்கிறார் ஏஜென்ட். ஷார்ட் சேல் போடுங்கள் என்கிறார் ஒரு நண்பர். சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு சென்னைக்குக் கிளம்புங்கள் என்கிறார் இன்னொருவர். ஹூஸ்டனில் இருக்கும் என் அண்ணனோ, "ஏலத்துக்கு வரட்டும், நானே எடுத்துக்கிறேன்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூன்று யோசனையிலும் ஆபத்து இருக்கிறது. அது எங்கே என்று தெரிய, வீடு வாங்கிய அன்று நீங்கள் போட்ட கையெழுத்துகளிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காகிதக் கட்டில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பிராமிசரி நோட்: "இந்தக் கடனை நான் அடைப்பேன்" என்று நீங்களும் கணவரும் கொடுத்த வாக்கு. இன்னொன்று டீட் ஆஃப் டிரஸ்ட்: அடைக்காவிட்டால் வீட்டை ஏலம் விடலாம் என்ற அனுமதி. வீட்டின் மேல் வங்கிக்கு இருக்கும் பிடிமானம், அதாவது லீன், இரண்டாவது காகிதத்தில் இருக்கிறது. கடன் முதல் காகிதத்தில் இருக்கிறது. வங்கி விடுவித்தாலோ, வங்கியே ஏலம் விட்டாலோ அந்த லீன் போய்விடும். கடனும் கூடவே போய்விடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். டெக்சஸில் அப்படித் தானாகப் போகாது.

ஷார்ட் சேலைப் பார்ப்போம். 4,70,000-க்கு விற்று, ஏஜென்ட் கமிஷனும் மற்ற செலவுகளும் சுமார் 28,000 போனால் வங்கிக்கு 4,42,000 கிடைக்கும். 68,000 துண்டு விழும். அந்தத் துண்டோடு விற்க வங்கி சம்மதிப்பதுதான் ஷார்ட் சேல். கமிஷன் விற்ற பணத்திலிருந்தே போகும், உங்கள் கைக்கு எதுவும் வராது. விலை இறங்கிவிட்டது என்ற காரணம் மட்டும் வங்கிக்குப் போதாது. கஷ்டத்தை விளக்கும் கடிதம், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், வரிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். வேலை இழப்பு அவர்கள் ஏற்கும் காரணம்தான். நீங்கள் 5 சதவீதம் மட்டும் போட்டதால் பிஎம்ஐ, அதாவது கடன் வராவிட்டால் வங்கியின் நஷ்டத்தை ஈடுகட்டும் காப்பீடு இருக்கும். அந்தக் காப்பீட்டு நிறுவனமும் தலையசைக்க வேண்டியிருக்கும், தாமதம் பெரும்பாலும் அங்கேதான்.

வங்கி கொடுக்கும் ஒப்புதல் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். "விற்பனை முடிந்ததும் லீனை விடுவிக்கிறோம்" என்று மட்டும் இருந்தால், 68,000-க்கான நோட் இன்னும் உயிரோடு இருக்கிறது. வங்கியோ, அதை வாங்கிய வசூல் கம்பெனியோ பிறகு கேட்கலாம். மீதித் தொகையை வசூலிக்கும் உரிமையைக் கைவிடுகிறோம், கணக்கு முழுமையாகத் தீர்ந்தது என்ற வாசகம் எழுத்தில் இருக்க வேண்டும். போனில் பேசிய பிரதிநிதி "ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்று சொன்னதற்கு மதிப்பே கிடையாது. கலிபோர்னியாவில் வங்கி ஒப்புக்கொண்ட ஷார்ட் சேலுக்குப் பிறகு மீதியைக் கேட்கவே சட்டம் விடாது. அங்கே இருக்கும் நண்பர்களின் அனுபவத்தை டெக்சஸுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது? முறைப்படி செய்தால் அதற்கு டீட் இன் லியூ என்று பெயர். ஏலம் இல்லாமல் பத்திரத்தையே வங்கிக்கு எழுதிக் கொடுப்பது. அதற்கும் வங்கி சம்மதிக்க வேண்டும், அதே தள்ளுபடி வாசகத்தை அதிலும் கேட்டு வாங்க வேண்டும். வீட்டின் மேல் இரண்டாவது கடன் இருந்தால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். சாவியைத் தபாலில் அனுப்பிவிட்டு விமானம் ஏறுவது டீட் இன் லியூ ஆகாது. வீடு உங்கள் பெயரிலேயே இருக்கும், சொத்து வரியும் ஹெச்ஓஏ (குடியிருப்போர் சங்கம்) கட்டணமும் உங்கள் பெயரில்தான் ஏறும், கடைசியில் ஃபோர்குளோஷர், அதாவது கடனுக்காக வங்கி வீட்டை ஏலம் விடுவது, நடக்கும்.

டெக்சஸில் அது வேகமாக நடக்கும். நியூ ஜெர்சி போல வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, ஷெரிப் ஏலம் விடும் வரை இழுக்காது. கோர்ட்டுக்கே போகாமல், டீட் ஆஃப் டிரஸ்ட் படி ஏலம் விடும் பொறுப்பில் இருக்கும் டிரஸ்டி ஏலம் விட்டுவிடலாம். தவணை தவறி 120 நாள் தாண்டும் வரை பொதுவாக ஃபோர்குளோஷரைத் தொடங்கக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. டெக்சஸ் சட்டப்படி பாக்கியைக் கட்டிச் சரிசெய்ய 20 நாள் அவகாசம், அது முடிந்த பிறகு ஏல அறிவிப்புக்கு 21 நாள். ஏலம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே, கவுண்டி குறித்த இடத்தில். அந்தச் செவ்வாய் ஜனவரி 1 அல்லது ஜூலை 4 ஆக இருந்தால் மட்டும் மறுநாள். ஏலம் முடிந்த பின் பணம் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, மார்ட்கேஜ் ஏலத்தில் இங்கே கிடையாது.

இரண்டு மாதம் போய்விட்டது என்பதால் அவகாசம் சுருங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு பிடி உங்கள் கையில் உண்டு. ஏலத் தேதிக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போதே நிவாரண விண்ணப்பத்தை முழுமையாகக் கொடுத்துவிட்டால், அதற்கு முடிவு சொல்லாமல் சர்வீசர், அதாவது உங்களிடம் தவணை வசூலிக்கும் நிறுவனம், ஏலம் விட முடியாது. இந்த விண்ணப்பத்தில் ஷார்ட் சேலும் அடக்கம். முழுமையாக என்பதுதான் இதில் சிக்கல்: ஒரு பக்கம் விடுபட்டாலும் "இன்னும் பூர்த்தியாகவில்லை" என்று நாளை ஓட்டுவார்கள். அனுப்பியது அனைத்துக்கும் நகலும், அவர்கள் பெற்றுக்கொண்டதற்கு எழுத்துச் சான்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலத்துக்கே போய்விட்டால் மீதிக் கடனுக்கு வங்கி இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். இதில் டெக்சஸ் சட்டம் ஒரு பாதுகாப்பும் தருகிறது. ஏலத்தில் வீடு 4,30,000-க்குப் போனது என்று வையுங்கள். வட்டி, செலவுகளை விட்டுவிட்டால் 80,000 பாக்கி. ஆனால் அன்றைய சந்தை மதிப்பை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அது 4,70,000 என்று முடிவானால் பாக்கி 40,000 ஆகக் குறையும். கேட்க ஆள் வேண்டுமே! ஊருக்குப் போய்விட்டால் நோட்டீஸ் வந்ததே தெரியாமல் தீர்ப்பு ஆகிவிடும்.

கடன் தள்ளுபடி ஆனால் வரி வேறு வரும். தள்ளுபடியான தொகையை 1099-சி படிவத்தில் வருமான வரித் துறைக்குத் தெரிவிப்பார்கள், 68,000 உங்கள் வருமானமாகக் கருதப்படலாம். சொந்தமாக வசிக்கும் வீட்டுக்கென்று 2007-இல் வந்த தனி விலக்கு, பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 முடிவு வரை என்றே சட்டத்தில் இருந்தது. ஆகவே பழைய கட்டுரைகளை நம்பாமல் சிபிஏ-விடம் (கணக்காளரிடம்) இன்றைய நிலையைக் கேளுங்கள். தள்ளுபடிக்கு முந்தைய கணத்தில் உங்கள் கடன்கள் சொத்துகளைவிட அதிகம் என்று காட்ட முடிந்தால், அந்த அளவுக்கு 982 படிவத்தில் விலக்குக் கேட்கலாம். 401கே ஓய்வூதியச் சேமிப்புப் பணமும் சென்னையில் உங்கள் பெயரில் இருக்கும் மனையும் சொத்துக் கணக்கில் சேரும், மறக்காதீர்கள்.

பின்னாளில் அமெரிக்காவிலேயே மறுபடி வீடு வாங்க நினைத்தால், வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி ஷார்ட் சேலுக்குப் பிறகு 4 ஆண்டு, ஃபோர்குளோஷருக்குப் பிறகு 7 ஆண்டு பொதுவான காத்திருப்பு. ஷார்ட் சேலுக்கு நான் ஓட்டுப் போட இதுவும் ஒரு காரணம்.

சரி, அண்ணன் விஷயம். ஷார்ட் சேலில் அவர் வாங்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரும் வாங்குபவரும் உறவினர் இல்லை, ரகசிய ஒப்பந்தம் எதுவும் இல்லை என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பெயரை மறைத்து வேறொருவர் வழியாக வாங்குவது மோசடி. விசாவில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

ஏலத்தில் அவர் கேட்கலாம், ஆனால் பெரும்பாலும் அன்றே முழுப் பணம் எடுத்து வைக்க வேண்டும். வீட்டை உள்ளே போய்ப் பார்க்க முடியாது. எந்த லீனுக்காக ஏலம் நடக்கிறது என்பதுதான் அவர் முதலில் தேட வேண்டியது. முதல் கடனுக்காக ஏலம் நடந்தால் அதற்குப் பின் வந்த கடன்கள் வீட்டின் மேலிருந்து அகலும். இரண்டாவது கடன்காரர் ஏலம் விட்டால் முதல் கடன் அப்படியே வீட்டின் மேல் நிற்கும். நான்கரை லட்சம் டாலர் வீடு 60,000-க்குக் கிடைக்கிறதே என்று துள்ளிக் குதித்து வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். சொத்து வரி பாக்கியும் பின்னால் வரும். பழைய உரிமையாளர் மேல் மத்திய வருமான வரித் துறையின் லீன் இருந்தால், ஏலத்துக்குப் பிறகு 120 நாள் வரை அந்தத் துறை வீட்டை மீட்டுக்கொள்ளலாம். உள்ளே முறையான குத்தகையில் வாடகைதாரர் இருந்தால் குறைந்தது 90 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

முதலீடுதான் அவர் நோக்கம் என்றால், ஏலத்தில் விலை போகாமல் வங்கியின் கைக்கே வந்த ஆர்ஈஓ வீடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் உள்ளே போய்ப் பார்க்கலாம், டைட்டில் காப்பீடு (உரிமையில் சிக்கல் வந்தால் ஈடுகட்டும் காப்பீடு) கிடைக்கும், கடன் போட்டும் வாங்கலாம்.

இந்த வாரமே சர்வீசரை அழைத்து நிவாரண விண்ணப்பத்தைக் கேளுங்கள். கணவருக்குச் சீக்கிரம் வேலை கிடைக்கும் வாய்ப்பு இருந்தால் முதலில் ஃபோர்பேரன்ஸ் (தவணையைத் தற்காலிகமாக நிறுத்துவது அல்லது குறைப்பது) அல்லது கடன் திருத்தம் கேளுங்கள், ஷார்ட் சேல் அப்புறம். ஹெச்யூடி என்ற மத்திய வீட்டுவசதித் துறை அங்கீகரித்த வீட்டு ஆலோசகர்கள் இதற்கு இலவசமாகவே உதவுவார்கள், 800-569-4287-இல் கேட்டால் உங்கள் பகுதி ஆலோசகரைச் சொல்வார்கள். ஃபோர்குளோஷரை நிறுத்தித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களையும், "பத்திரத்தை என் பெயருக்கு மாற்றுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒப்புதல் கடிதம் கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடும் முன் டெக்சஸ் ரியல் எஸ்டேட் வழக்கறிஞர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 68,000 டாலரோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் மிகச் சின்னது.