மனசுக்குள் எப்படிப் பார்ப்பது? கேள்விகளும் பதில்களும்

எங்கள் ஊர் மனவளக்கலை மன்றத்தில் அகத்தாய்வு, அதாவது தன் மனசைத் தானே ஆராய்ந்து பார்க்கும் பயிற்சி, வகுப்பு எடுக்கிறேன். அது பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை, பயிற்சி சொல்லித்தருகிறவள்.

தினமும் ராத்திரி படுத்ததும் அன்று நடந்ததையெல்லாம் யோசிக்கிறேன். இதுவும் அகத்தாய்வுதானே? ஆனால் காலையில் மனசு இன்னும் பாரமாக இருக்கிறதே?

இது அகத்தாய்வு இல்லை அம்மா. இருட்டில் படுத்துக்கொண்டு 'அவள் ஏன் அப்படிச் சொன்னாள், நான் ஏன் பேசாமல் வந்தேன்' என்று ஓட்டினால் மனம் யார்மேல் குற்றம் என்றுதான் தேடும், விடிய விடியத் தேடினாலும் கிடைக்காது. சூசன் நோலன்-ஹொக்சிமா என்ற அமெரிக்க உளவியலாளர் இப்படி அசைபோடுவதைப் பல வருடம் ஆராய்ந்தவர். அசைபோடும் பழக்கம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு சீக்கிரம் விடுவதில்லை என்று காட்டினார். அதனால் முதலில் எழுந்து உட்காருங்கள், விளக்கைப் போடுங்கள், ஒரு நோட்டை எடுங்கள்.

மனவளக்கலையை உருவாக்கிய வேதாத்திரி மகரிஷி கவலைகளை நான்காகப் பிரிக்கச் சொல்வார்: அனுபவித்தே தீர வேண்டியது, தள்ளிப்போட வேண்டியது, அலட்சியப்படுத்த வேண்டியது, உடனே தீர்க்க வேண்டியது. வகுப்பில் ஒரு அம்மா எழுதிய பக்கத்தில் நான்கு வரிதான் இருந்தது. ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த சீட்டு, நாத்தனார் கல்யாண வீட்டில் சொன்ன சொல், மகன் காலேஜ் ஃபீஸ், போன வருடம் தவறிய கணவர். ஸ்கேன் சீட்டு 'உடனே'வுக்குப் போனது, மறுநாளே போய் எடுத்துவிட்டார். நாத்தனார் சொல்லை அலட்சியத்தில் போட்டார். ஃபீஸ் கட்ட ஜூன் வரை டைம் இருந்ததால் அது தள்ளிப்போட வேண்டியது. கணவரை எதில் போடுவது என்று ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் முதல் வகையில் எழுதினார். அந்தத் துக்கத்தைத் தீர்க்க வேண்டியதில்லை, அழ வேண்டியதுதான் என்று தெரிந்த பிறகு மற்ற மூன்றையும் அவரால் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது.

எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது. விட்டுவிடலாமா?

உடனே விடாதீர்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை உலுக்கிய சம்பவத்தைப் பற்றி எழுத வைத்தார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் கனத்ததுதான். ஆனால் நடந்ததையும் அப்போது பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்தது. நீங்களும் 15 நிமிடத்தோடு நோட்டை மூடிவிட்டு ஒரு நடை போய் வாருங்கள். எழுதும்போது மூச்சு முட்டுகிறது, அந்தச் சம்பவத்துக்குள்ளேயே திரும்பப் போய் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றால் மட்டும் அந்த விஷயத்தைத் தனியாகத் தொடாதீர்கள், ஒரு மனநல ஆலோசகரை வைத்துக்கொண்டு பாருங்கள்.

காரணமே இல்லாமல் அழுகிறேன். உள்ளே பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை.

தொல்காப்பியம் அழுகை பிறக்கும் இடம் நான்கு என்கிறது: பிறர் நம்மை இளிவாக, அதாவது கேவலமாக நடத்துவது, இழப்பு, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, வறுமை. எனக்கு இது ரொம்பப் பிடித்த பட்டியல். ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள், எதைச் சொல்லும்போது தொண்டை அடைக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் உடம்புதான் முதலில் சொல்லும். அப்புறம், உடம்பிலும் காரணம் இருக்கலாம், தைராய்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள், குழந்தை பிறந்து சில மாதங்கள்தான் ஆகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சினம் தவிர்த்தல் பயிற்சியில் என் கணவரை 'வாழ்க வளமுடன்' என்று வாழ்த்தச் சொல்கிறார்கள். அவர் அடிக்கிறவர். என்னால் வாழ்த்த முடியவில்லை, நான் கெட்டவளா?

இல்லை சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது. யார் யார்மேல் கோபம் வருகிறது என்று பட்டியல் போட்டு ஒவ்வொருவராக எடுத்து ஆராய்ந்து வாழ்த்தும் அந்தப் பயிற்சி, டிவி ரிமோட்டுக்கும் உப்புக் குறைந்ததற்கும் சண்டை போடும் வீட்டில் அருமையாக வேலை செய்யும், நானே பார்த்திருக்கிறேன். அடி விழும் வீட்டில் முதலில் வேண்டியது பாதுகாப்பு. 181 பெண்கள் உதவி எண், கூப்பிடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லிவைங்கள். பொறுத்துப்போவதை ஆன்மிகம் என்று யார் சொன்னாலும், எங்கள் மன்றத்தில் இருப்பவரே சொன்னாலும், கேட்காதீர்கள்.

அப்பா இறந்து ரெண்டு மாதம். பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனால் சரியாகுமா? மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

இப்போது வேண்டாம் தம்பி. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து நாளுக்குப் பத்து மணி நேரம்போல் உட்கார வேண்டும், பேச்சு, போன், எழுத்து எதுவும் கிடையாது. புதுத் துக்கத்தோடு அவ்வளவு மௌனம் சிலருக்குத் தாங்காது. மாத்திரை எழுதிய டாக்டரைக் கேட்டு, விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் எழுதிப் பிறகு போகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. சாகலாம் என்று தோன்றினால் எந்த நேரமானாலும் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

வேலையை விடு என்று உள்மனசு சொல்கிறது. நம்பலாமா?

மேனேஜர் திட்டிய அன்றைக்கு மட்டும் சொல்கிறதா, லீவில் நன்றாகத் தூங்கி எழுந்த காலையிலும் சொல்கிறதா? ரெண்டாவது என்றால் கொஞ்சம் காது கொடுக்கலாம். உங்கள் பெயரைச் சொல்லியே கேளுங்கள்: 'குமார் இப்போது எதற்குப் பயப்படுகிறான்?' என்கிற மாதிரி. ஈதன் கிராஸ் என்பவரும் உடன் ஆராய்ந்தவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், தன்னைப் பெயர் சொல்லிப் பேசிக்கொண்டவர்கள் பதற்றமான நேரத்தை நன்றாகச் சமாளித்தார்கள். வருகிற பதிலை எழுதி ஒரு மாதம் வையுங்கள். அதற்குள் பேங்கில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள், வீட்டு வாடகையும் இஎம்ஐயும் சேர்த்து.