நந்தினி கருந்துளையா?

எங்கள் காரைக்குடி வாசகர் வட்டத்தில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் முடித்த கையோடு, ஒளிகூடத் தப்ப முடியாத ஈர்ப்புள்ள கருந்துளை பற்றியும் பேச்சு எழுந்தது. ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

பள்ளத்தூர் வாசகர்: ஐயா, பழுவேட்டரையர், கரிகாலன், கந்தமாறன் என்று அருகில் வந்த எல்லாரையும் விழுங்குகிறாளே, நந்தினியைக் கருந்துளை என்று சொல்லலாமா?

எனக்கு உடன்பாடில்லை. நந்தினி ஆள் பார்த்துப் பேசுகிறாள், திட்டம் போடுகிறாள், பழிக்குக் காத்திருக்கிறாள். கருந்துளைக்கு இதில் ஒன்றும் தெரியாது. அது யாரையும் தேடிப்பிடித்து இழுப்பதுமில்லை. சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தாலும் பூமி இப்போதைய பாதையிலேயே சுற்றும், வெயில்தான் இராது. அப்படிச் சூரியனைக் கருந்துளையாக்க, அதைச் சுமார் 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் நசுக்க வேண்டும். மிக அருகில் போனால்தான் ஆபத்து. நந்தினியோ தஞ்சையில் இருந்தபடியே ஓலை அனுப்பி, காஞ்சியில் இருக்கும் கரிகாலனைக் கடம்பூருக்கு வரவழைக்கிறாள்!

தேவகோட்டை ஆச்சி ஒருவர்: அப்படியானால் கதையில் கருந்துளை யார் தம்பி?

ஆள் யாருமில்லை ஆச்சி. கரிகாலன் கொலையைத்தான் சொல்வேன். விளக்கு அணைந்த அறையில் நடந்தது. எவர் கை என்பதில் கல்கி கடைசிவரை பிடி கொடுக்கவில்லை. ஆனால் அதன்பின் எல்லாருடைய பாதையும் திரும்பிவிடுகிறது. வந்தியத்தேவன் சிறைக்குப் போகிறான், பெரிய பழுவேட்டரையர் உயிரை விடுகிறார், அருள்மொழி மணிமுடியை உத்தம சோழருக்குக் கொடுக்கிறார்.

பால்வெளியின் நடுவில் உள்ள கருந்துளையைக் கண்டதும் இப்படிச் சுற்றியிருப்பவற்றை வைத்துத்தான். எஸ்2 என்ற விண்மீன் சுமார் 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத ஓர் இடத்தைச் சுற்றி வருகிறது. அதுபோன்ற விண்மீன்களின் ஓட்டத்தைக் கணக்கிட்டு, அங்கே சூரியனைப் போல் சுமார் 40 லட்சம் மடங்கு நிறை ஒடுங்கியிருப்பதைக் காட்டிய ரெய்ன்ஹார்ட் கென்சலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் 2020இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தக் கருந்துளையின் படம் 2022இல்தான் வெளிவந்தது.

(சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசனையும் அவன் சகோதரர்களையும் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்றே குறிக்கிறது. ரவிதாசனைக் கதைக்குள் கொண்டுவந்த கல்கி அதை அறியாதவரல்லர். அறிந்தேதான் மூடி வைத்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த குறும்பு அது.)

எட்டாம் வகுப்பு மாணவி: வந்தியத்தேவன் உள்ளே குதித்தால் என்ன ஆகும், தாத்தா?

குதிக்கக்கூடிய ஆள்தான் அம்மா! தூரத்தில் நின்று குந்தவை பார்த்தால், கடந்தால் திரும்ப முடியாத 'நிகழ்வு எல்லை'யை நெருங்க நெருங்க அவன் மெதுவாவான். உருவம் சிவந்து மங்கி மறையும். அவன் எல்லையைக் கடப்பதை அவளால் காணவே முடியாது. அவனோ தன் கணக்கில் சட்டென்று கடந்திருப்பான். நம் வீடுகளில் முகப்பிலிருந்து வளவுக்குள் போனால் நிலைப்படி காலில் இடறும். அங்கே அப்படி எதுவும் இராது. ஆனால் கருந்துளை சிறியதென்றால், எல்லைக்கு வருமுன்பே காலுக்கும் தலைக்கும் உள்ள ஈர்ப்பு வித்தியாசம் அவனைப் பிய்த்துவிடும். பெரியதாகப் பார்த்துக் குதிக்கச் சொல். எதில் குதித்தாலும் திரும்பி வர வழியில்லை.

கானாடுகாத்தான் வாசகர்: கதையில் வரும் வால்நட்சத்திரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கிடையாது. வால்நட்சத்திரம் வெறும் பனியும் தூசும். சோழர் கால வானத்தில் கருந்துளைக்கு உறவு தேடினால் விண்மீன் வெடிப்புகளைத்தான் சொல்ல வேண்டும், சில வெடிப்புகளில் கருந்துளை பிறப்பதுண்டு. ராஜராஜன் ஆட்சியில் 1006இல் ஒன்று. ராஜாதிராஜன் கொப்பத்தில் வீழ்ந்த காலத்தையொட்டி 1054இல் மற்றொன்று. இரண்டிலும் கருந்துளை பிறக்கவில்லை. முதலாவது மிச்சமின்றிச் சிதறியது, அடுத்தது நியூட்ரான் விண்மீன் என்ற மிக அடர்ந்த உருண்டையை விட்டுச்சென்றது.

புதுவயல் வாசகர்: இங்கிருந்து பார்க்க முடியுமா?

கருந்துளையை முடியாது, அது இருக்கும் திசையைப் பார்க்கலாம். ஆடி மாதம் இரவு ஒன்பது மணிவாக்கில் தெற்கே பாருங்கள். விருச்சிகத்தின் வால் முடிந்து தனுசு தொடங்கும் பக்கம், அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவில். தெருவிளக்கு இல்லாத கண்மாய்க் கரையாக இருந்தால் நல்லது.