ஓட்டிசம் உள்ளவர்களை முதல் பார்வையிலேயே ஆட்களுக்குப் பிடிக்காமல் போவது ஏன்? உடல்மொழியா காரணம்?

பெரும்பாலும் அதுதான். எனக்கு ஓட்டிசம் என்று 29 வயதில்தான் தெரியவந்தது, அதுவரை ஊருக்கு நான் தலைக்கனம் பிடித்தவன்.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஓர் உதிரிப்பாகக் கடையில் வேலை செய்கிறேன். ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு ஐயா இரண்டு வருசமாக வட்ஸ்அப்பில் சாமான் கேட்பார். அவர் குரல் பதிவு அனுப்புவார், நான் எழுதிப் பதில் போடுவேன். "தம்பி, நீர் இருக்கிறது பெரிய நிம்மதி" என்பார். ஒருநாள் நேரே வந்து, தண்ணிப் பம்பின் பழைய பெயாரிங்கை மேசையில் வைத்தார். நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் பெயாரிங்கையே பார்த்துக்கொண்டு, பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டியபடி (யோசித்தால் இது தானாக வரும்), "6205. உள்விட்டம் 25, வெளி 52, அகலம் 15 மில்லிமீற்றர்" என்று ஒரே சுருதியில் சொன்னேன். அவர் முதலாளி பக்கம் திரும்பி, "உந்தப் பெடியன் முகம் குடுத்துக் கதைக்கிறானில்லை, வட்ஸ்அப்பில பதில் போடுற தம்பி எங்க?" என்று கேட்டார். முதலாளி என்னைக் காட்டினார். ஐயா நம்பவே இல்லை.

2017இல் அமெரிக்காவில் நோவா சாசன் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட ஆய்வும் கிட்டத்தட்ட இந்தக் கதைதான். ஓட்டிசம் உள்ளவர்களின் சில விநாடி வீடியோவைப் பார்த்தவர்கள், ஓட்டிசம் இல்லாதவர்களோடு பழகுவதைவிட இவர்களோடு பழக விருப்பம் குறைவு என்றார்கள். அசையாத படத்தைப் பார்த்தவர்களும் குறைத்துத்தான் மதித்தார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. அதாவது எங்களுடைய சொல்லில் பிழை இல்லை.

எனக்கு ஒருவரின் கண்ணைப் பார்த்தால் அவர் சொல்வது காதில் ஏறாது. கவனமாகக் கேட்கத்தான் கண்ணை எடுக்கிறேன், அவருக்கோ அது அலட்சியமாகப் படுகிறது. இதில் பகிடி என்னவென்றால், சின்ன வயதில் இதே குனிந்த பார்வைக்கு அம்மம்மா "அடக்கமான பிள்ளை" என்று பெருமைப்பட்டவ. எங்கட ஊரில் பெரியாக்களை நேருக்கு நேர் முறைத்துப் பார்த்தால்தானே பிழை! மீசை முளைத்த பிறகு அதே பார்வை கள்ளப் பார்வையாகிவிட்டது. செத்தவீடுகளில் படும் பாடு வேறு, அழாமல் நின்றதற்கு இன்னும் ஆட்களிடம் பேச்சு வாங்குகிறேன்.

டேமியன் மில்டன் என்ற ஓட்டிசம் உள்ள ஆய்வாளர் 2012இல் எழுதியது, விளங்காமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று. எங்களுக்கு உங்கட முகம் விளங்குவதில்லை, உங்களுக்கு எங்கட முகம் விளங்குவதில்லை, ஆனால் திருந்தச் சொல்வது எங்களை மட்டும்.

கண்ணைப் பார்க்கப் பழகு என்று புத்தி சொல்ல மாட்டேன். நான் பழகிப் பார்த்தேன், பின்னேரம் வீட்டுக்குப் போனால் சோறு தின்னவும் ஏலாமல் படுத்துவிடுவேன். இப்போது முதலே சொல்லிவிடுகிறேன்: "ஐயா, நான் வேற பக்கம் பாத்தாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்." எல்லோரிடமும் சரிவராது. ஒட்டுசுட்டான் ஐயாவிடம் சரிவந்தது. அவர் இப்போது வந்தால் பழைய சாமானை மேசையில் வைத்துவிட்டு, தானும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.