சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்கு, மருந்தோடு கைகளால் செய்யும் பிசியோதெரபியும் பலன் தருமா?

நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரையைச் சாப்பிட்டும் தந்தையின் பாத எரிச்சல் முழுதாக அடங்கவில்லை, கைச்சிகிச்சையையும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம். ஆனால் கெட்டுப்போன நரம்பை யாராலும் பிடித்துவிட்டுச் சரிசெய்ய முடியாது. பிசியோதெரபிஸ்டான நானே சொல்கிறேன்: உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவருவதாக உத்தரவாதம் தருபவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பின் எதற்கு இந்தச் சிகிச்சை? ரத்தத்தில் பல ஆண்டுகள் மிகுந்திருக்கும் சர்க்கரை நரம்பை மட்டும் கெடுப்பதில்லை. மூட்டுகளைச் சுற்றியுள்ள திசுக்களைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்திலும் ஒட்டி அதை விறைக்க வைக்கிறது. கணுக்கால் மேல்நோக்கி மடங்க மறுக்கும். நடக்கும்போது குதிகால் சீக்கிரமே தரையை விட்டு எழும்பி, பாரமெல்லாம் முன்பாதத்தில் இறங்கும். அங்கே தோல் காய்த்துப்போகும். காய்ப்புக்கு அடியில் புண் வரும். மரத்த காலுக்கு அது தெரியவே தெரியாது.

எங்கள் கைக்கு வேலை இங்கேதான். கெண்டைக்காலை ஒரு கையால் அணைத்துப் பிடித்து, கணுக்கால் எலும்பை மறுகையால் மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளுவோம். மூட்டு சற்றுக் கூடுதலாக மடங்கத் தொடங்கும். வீட்டில் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியைத் தொடராவிட்டால் கிடைத்ததும் போய்விடும். எரிச்சலும் வலியும் ஓரளவு குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவை பெரும்பாலும் சிறியவை, குறுகிய காலத்தவை. நடைக்கும் உடற்பயிற்சிக்கும் உள்ள சான்று இதைவிட வலுவானது.

முதல் நாளே பிசியோதெரபிஸ்ட் 10 கிராம் இழையால் (அந்த அளவு அழுத்தத்தில் வளையும் நைலான் இழை) பாதத்தைத் தொட்டுச் சோதிக்கிறாரா என்று பாருங்கள். அதை உணராத கால், அழுத்தம் மிஞ்சினாலும் 'வலிக்கிறது' என்று சொல்லாது. ஆகவே நாங்கள் தோலின் நிறத்தைப் பார்த்தபடிதான் அழுத்துவோம். வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. கொப்புளம் கண்ட பிறகுதான் சுட்டது தெரியும். திறந்த புண்ணோ, கால் ரத்தக்குழாயில் ரத்த உறைவோ இருந்தால் கை வைக்கக் கூடாது. ஒரு பாதம் மட்டும் திடீரெனச் சிவந்து, சூடாக வீங்கியிருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். எலும்பே நொறுங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம்.

சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நெடுநாளாகச் சாப்பிடுகிறவர் என்றால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் இதே மதமதப்புதான் வரும். அதற்கு ஊசியும் மாத்திரையும் இருக்கின்றன.